‘ஆட் ஆயில்’ எந்த ஊர் ஆங்கிலம்?

கேள்வி இதுதான்: “சென்னையில் இருந்துகொண்டு ஷென்ஜென் குழுவோடு வேலை பார்க்கிறேன். டெட்லைனுக்கு முந்தைய நாள் குரூப்பில் ‘ஆட் ஆயில்’ என்று போடுகிறார்கள். ஒருவர் டெஸ்ட் பண்ணாமல் புரோகிராமை ஏற்றி சர்வரைப் படுக்க வைத்தபோது, இன்னொருவர் ‘நோ ட்ஸுவோ நோ டை’ என்று எழுதினார். இது அரைகுறை ஆங்கிலமா? திருத்திச் சொல்லலாமா?”

திருத்தாதீர்கள். அவர்களுக்குச் சரியான ஆங்கிலம் தெரியும். தெரிந்தேதான் அப்படி எழுதுகிறார்கள். மொழிபெயர்ப்பு வேலைக்காகச் சில ஆண்டுகள் குவாங்ஜோவில் இருந்தவன் நான். முதல் சில மாதங்கள் நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சீனாவில் ஈரத் தரையில் வைக்கும் பலகையில் ‘கவனமாக வழுக்குங்கள்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது பிழை. சீனத்தில் ‘தரை’ என்ற சொல்லுக்கும், தமிழில் ‘ஆக’ சேர்ப்பதுபோல வினையடை ஆக்கும் ஒட்டுக்கும் ஒரே எழுத்துத்தான். ‘கவனம், தரை வழுக்கும்’ என்பதை அகராதியோ கருவியோ ‘கவனமாக வழுக்கு’ என்று படித்துவிட்டது. 2008 ஒலிம்பிக்கை ஒட்டி பெய்ஜிங்கில் இப்படிப்பட்ட பலகைகளைத் தேடித் தேடி மாற்றினார்கள். உங்கள் நண்பர்கள் எழுதுவது இந்த வகை இல்லை. அது விளையாட்டு. விளையாட்டு என்றால் அதற்கு விதிகளும் உண்டு.

‘நோ ட்ஸுவோ நோ டை’யையே எடுத்துக்கொள்வோம். மூலம் ‘பு ட்ஸுவோ ஸு, ஜியூ பு ஹுய் ஸு’ என்ற ஏழசைச் சீன வாக்கியம். ‘சாவைத் தேடிப் போகாவிட்டால் சாவு வராது’ என்று பொருள். இதில் ‘ட்ஸுவோ’ என்பது வடசீனப் பேச்சுவழக்குச் சொல். தேவையில்லாத வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு மாட்டிக்கொள்வதைக் குறிக்கும். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டானாமே, அவன் செய்ததுதான் ட்ஸுவோ. ஆங்கிலத்தில் இதற்குச் சரியான ஒற்றைச் சொல் கிடையாது. அதனால்தான் வாக்கியத்தில் மற்றதெல்லாம் ஆங்கிலமாக மாறியும் அந்த ஒரு சொல் மட்டும் சீனமாகவே நிற்கிறது. ஆங்கிலம் தெரியாமல் விட்ட இடம் இல்லை அது. ஆங்கிலத்தால் முடியாத இடம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘நோ, ட்ஸுவோ, நோ, டை’: நான்கு அசை. சீன மரபுத்தொடர்களில் பெரும்பாலானவை நான்கு எழுத்து, நான்கு அசை. ஏழசை வாக்கியத்தை ஆங்கிலமாக்கும்போது அதை மரபுத்தொடரின் அச்சில் வார்த்திருக்கிறார்கள். சொற்கள் ஆங்கிலம், தாளம் சீனம். 2014-ல் இது ஆங்கிலக் கொச்சைச் சொற்களுக்கான இணைய அகராதியான அர்பன் டிக்‌ஷனரியில் ஏறியபோது சீனப் பத்திரிகைகளில் அதுவே செய்தியானது. கூடவே ‘யூ கேன் யூ அப், நோ கேன் நோ பிபி’ என்பதும் ஏறியது. ‘உன்னால் முடிந்தால் நீ இறங்கிச் செய், முடியாவிட்டால் தொணதொணக்காதே’ என்று அர்த்தம். ‘பிபி’ என்பது ஓயாமல் குறை பேசும் சத்தம்.

அந்த ‘நோ கேன்’ எனக்கு மிகப் பிடித்த இடம். ஆங்கிலேயர்கள் இன்று தயங்காமல் சொல்லும் ‘நோ கேன் டூ’ எங்கிருந்து வந்தது தெரியுமா? சீனத் துறைமுகங்களில் வியாபாரிகளும் வேலையாட்களும் பேசிய கலப்பு ஆங்கிலத்திலிருந்துதான். ‘சீக்கிரம்’ என்பதற்குச் சொல்லும் ‘சாப் சாப்’ வந்ததும் அங்கிருந்தே. 1757 முதல் 1842 வரை மேற்கத்தியர்கள் கடல்வழி வியாபாரம் செய்ய அனுமதிக்கப்பட்ட ஒரே சீனத் துறைமுகம் கான்டன், அதாவது இன்றைய குவாங்ஜோ. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அங்கே மலிவுப் பதிப்பாக ஒரு கையேடு விற்றது. பெயர் ‘சிவப்புமுடிக்காரர்களின் பேச்சு’ என்ற பொருளில் இருக்கும். ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் ஒலியையும் சீன எழுத்துகளிலேயே எழுதிக் காட்டியிருந்தார்கள். பிறகு வியாபாரம் ஷாங்காய்க்குப் போனது. பிரிட்டிஷ் குடியிருப்புக்கும் பிரெஞ்சுக் குடியிருப்புக்கும் நடுவே ஓடிய யாங்ஜிங்பாங் என்ற ஓடையின் பெயரே அந்தக் கலப்பு மொழிக்கு ஆகுபெயரானது. ஓடையை 1910களில் தூர்த்து ரோடு போட்டுவிட்டார்கள். பெயர் மட்டும் இன்னும் நிற்கிறது. ஷாங்காய் பஞ்சாலைகளில் மேஸ்திரிக்கு ‘நா மோ வென்’ என்று பெயர். ‘நம்பர் ஒன்’தான் அது.

ஆக, இணையத்துக்கு முன்பே இந்த வழி போட்டாகிவிட்டது. ஒரு வித்தியாசம் உண்டு. அன்று ஆங்கிலம் தெரியாதவன் பிழைப்புக்காகக் கலந்தான். இன்று பள்ளியிலிருந்தே ஆங்கிலம் படித்தவன் ஆசைக்காகக் கலக்கிறான்.

‘ஆட் ஆயில்’ கதைக்கு வருவோம். சீனத்தில் ‘ஜியா யோ’. ஜியா என்றால் சேர், யோ என்றால் எண்ணெய். பெட்ரோல் பங்க் பெயர்ப்பலகையிலும் இதே சொல்தான் இருக்கும். கால்பந்து மைதானத்திலும், பரீட்சைக்குப் போகும் பிள்ளையிடமும், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடமும் சொல்வது இதைத்தான். ‘விடாதே, தெம்பா இரு’ என்று நாம் சொல்வோமே, அது. ஹாங்காங்காரர்கள் இதை ஆங்கிலத்திலேயே ‘ஆட் ஆயில்’ என்று எழுதி எழுதிப் பழக்கினார்கள். ஹாங்காங்கில் ஜனநாயகம் கேட்டு நடந்த 2014 குடைப் போராட்டத்தின்போது உலகின் பல மூலைகளிலிருந்து வந்த ஆதரவுச் செய்திகளைச் சுவரில் ஒளிபாய்ச்சிக் காட்டிய ஏற்பாட்டுக்குப் பெயரே ‘ஆட் ஆயில் மெஷின்’. 2018-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இதை ஹாங்காங் ஆங்கிலம் என்று சேர்த்துக்கொண்டது. உங்கள் குரூப்பில் வருவது அகராதியில் இருக்கும் ஆங்கிலம். இதைத் திருத்தப் போனால் திருத்தப்படுவது நாமாக இருப்போம்.

இதே குடும்பத்தில் ‘பீப்பிள் மவுன்டன் பீப்பிள் சீ’ இருக்கிறது. எள் போட்டால் எள் விழாத கூட்டம் என்பதற்குச் சீனத்தில் ஆள்மலை, ஆள்கடல் என்பார்கள். அதன் நேர்ப் பெயர்ப்பு. ‘குட் குட் ஸ்டடி, டே டே அப்’ இன்னொன்று. மாவோ ஒரு சிறுவனுக்கு எழுதிக்கொடுத்து, பிறகு பள்ளிச் சுவர்களிலெல்லாம் ஏறிய ‘நன்றாகப் படி, நாளுக்கு நாள் முன்னேறு’ என்ற வாசகம் அது. ஹூனான் தொலைக்காட்சி 2008-ல் தொடங்கிய பிரபல நிகழ்ச்சி ஒன்றுக்கு ஆங்கிலப் பெயராக ‘டே டே அப்’ என்றே வைத்தார்கள்.

இதுவரை சொன்னது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது. அடுத்த வகை ஒட்டுவது. சீன வேரை எடுத்து ஆங்கில விகுதியை மாட்டுவார்கள். ‘நியூபி’ என்றால் ‘செம, கெத்து’ என்ற அர்த்தத்தில் வரும் கொச்சைச் சொல். அதோடு ‘எபிலிட்டி’யைச் சேர்த்தால் ‘நியூபிலிட்டி’. பந்தா காட்டுவது ‘ஜுவாங்பி’, அதிலிருந்து ‘ஜுவாங்பிலிட்டி’. முட்டாள்தனம் ‘ஷாபிலிட்டி’. நியூபிலிட்டி நிறைய இருப்பதாக நினைத்து ஜுவாங்பிலிட்டி காட்டுகிறவர்கள் கடைசியில் ஷாபிலிட்டியைத்தான் வெளிக்காட்டுகிறார்கள் என்று ஒரு முழு ஆங்கில வாக்கியமே சுற்றியது. மூன்று சீன வசவுச் சொற்களும் ‘பி’ என்ற அசையில் முடிகின்றன. ‘எபிலிட்டி’க்குள்ளும் அதே ‘பி’ இருக்கிறது. தச்சர் இரண்டு கட்டைகளைப் பல் வெட்டிப் பொருத்துவது போல அந்த ஒரே அசையில் இரண்டு மொழியும் பொருந்துகின்றன.

‘கெய்லிவபிள்’ இன்னும் பெயர்பெற்றது. ‘கெய்லி’ என்றால் பலம் கொடுப்பது, ‘சூப்பர்’. சொல் பரவிய விதம் நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்ற சீனக் காவியத்தைக் கேலி செய்யும் ஜப்பானியக் கார்ட்டூன் ஒன்றுக்குச் சீன மாணவர்கள் குரல் கொடுத்து இணையத்தில் விட்டார்கள். துறவியும் குரங்கு வீரனும் நாடு கடந்து, காடு கடந்து, ஒருவழியாக இந்தியா வந்து சேர்கிறார்கள். பார்த்தால் அங்கே ‘இந்தியா’ என்று எழுதிய ஒரு கொடி மட்டும் நட்டிருக்கிறது. அப்போது குரங்கு சொல்வது: ‘பு கெய்லி’. அதாவது, சப்பென்று இருக்கிறதே! 2010 உலகக் கோப்பைக் காலத்தில் அந்தச் சொல் நாடெங்கும் பற்றிக்கொண்டது. இளைஞர்கள் அதைக் ‘கெய்லிவபிள்’ என்றும் ‘அன்கெய்லிவபிள்’ என்றும் ஆங்கிலமாக்கினார்கள். அதே ஆண்டு நவம்பர் 10 அன்று கம்யூனிஸ்ட் கட்சியின் ஏடான மக்கள் நாளிதழ் முதல் பக்கத் தலைப்பிலேயே ‘கெய்லி’யைப் போட்டது. கட்சி ஏட்டில் இணையக் கொச்சையா என்று ஊரே பேசியது. மறுமாதமே செய்தி, பதிப்புத் துறை நிர்வாகம் சீன வெளியீடுகளில் ஆங்கிலச் சொற்களைக் கலக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது.

அந்தக் காலத்தில்தான் இன்னொரு கொத்துச் சொற்களும் வந்தன. தமிழ் எழுத்திலேயே அவற்றின் நுட்பம் தெரியும். ‘டிபார்ட்மென்ட்’டுக்குள் கட்சியைக் குறிக்கும் ‘பார்ட்டி’யை நுழைத்து ‘டிபார்ட்டிமென்ட்’. அரசு அறிவிப்புகளில் யாரென்று சொல்லாமல் ‘சம்பந்தப்பட்ட துறை’ என்று வருமே, அதற்கு இந்தப் பெயர். ‘இன்டர்நெட்’டில் ஓர் எழுத்தை மாற்றி ‘இன்னர்நெட்’, அரசின் இணையத் தணிக்கைச் சுவருக்கு உள்ளேயே சுற்றும் வலை. ‘ஸ்மைல்’, ‘சைலன்ஸ்’ இரண்டும் சேர்ந்து ‘ஸ்மைலன்ஸ்’. சீனத்தில் ‘சிரித்துப் பேசாதிருத்தல்’ என்று பழைய தொடர் ஒன்று உண்டு. எல்லாம் தெரிந்தும் வாய் திறக்க முடியாதவன் முகத்தில் இருக்கும் புன்னகை அது. நேரடியாகச் சொல்ல முடியாததை வேறு மொழியின் இடுக்கில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். வேடிக்கைச் சொல் என்று இதைக் கடந்துபோக என்னால் முடிவதில்லை.

சரி, எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது இனிமேல்தான். தமிழில் ஒரு வேற்றுமொழிச் சொல்லை எழுத நமக்கு வெறும் ஒலியெழுத்து இருக்கிறது. ‘கூல்’ என்று எழுதினால் ஒலி மட்டும் வரும். சீனத்தில் அந்த வசதி இல்லை. ஒவ்வோர் எழுத்தும் ஓர் அசை, அதோடு ஒரு பொருளும் கூடவே வரும். அந்நியச் சொல்லை எழுத்தில் கொண்டுவர வேண்டுமென்றால் ஏதாவது ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். எனவே கடன் வாங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சிலேடை பிறக்க வாய்ப்பு இருக்கிறது. ஹேக்கர் ‘ஹெய் க’ ஆனார்: கறுப்பு விருந்தாளி. ‘ஐடல்’ இன்று ‘ஐ தோ’: அன்பு, அவரைக்கொட்டை. ‘தேங்க் யூ’ என்பதைச் ‘சான் க யோ’ என்று எழுதுகிறார்கள்: மூன்று கிராம் எண்ணெய்.

‘ஃபேன்ஸ்’ போன கதையைப் பாருங்கள். அதை எழுத ‘ஃபென் ஸி’ என்ற சொல்லை எடுத்தார்கள். அது பாசிப்பயறு மாவில் செய்யும் கண்ணாடி போன்ற சேமியாவின் பெயர். 2005-ல் ‘சூப்பர் கேர்ள்’ பாட்டுப் போட்டி சீனாவையே கட்டிப்போட்டபோது, லி யூசுன் ரசிகர்கள் தங்களை ‘யூமி’ என்றார்கள். யூவின் ரசிகர் என்றும் கேட்கும், மக்காச்சோளம் என்றும் கேட்கும். ஜாங் லியாங்யிங் ரசிகர்கள் ‘லியாங்ஃபென்’, அது ஒரு குளிர்ந்த சிற்றுண்டி. ஹெ ஜியே ரசிகர்கள் ‘ஹெஃபான்’, அதாவது டப்பாச் சாப்பாடு. ஒரு சேமியாவிலிருந்து முழுப் பந்தியே பரிமாறிவிட்டார்கள். பிறகு வால் உதிர்ந்து ‘ஃபென்’ மட்டும் நின்றது. இப்போது பின்தொடர்வோர் கூடினால் ‘ஃபென் ஏறியது’, குறைந்தால் ‘ஃபென் உதிர்ந்தது’. ஆங்கிலப் பன்மையின் ‘ஸ்’ சீன அசையாக உள்ளே வந்து, வேலை முடிந்து வெளியேயும் போய்விட்டது.

இந்த வகையில் உச்சம் என்று ஒன்றைச் சொல்லலாம். 2000 அக்டோபரில் அதிபர் ஜியாங் ஸெமின், ஹாங்காங் நிருபர்களின் கேள்வியால் கோபப்பட்டு, ‘டூ யங், டூ சிம்பிள், சம்டைம்ஸ் நயீவ்’ என்று ஆங்கிலத்திலேயே சாடினார். இணையத்தில் அதைச் சீன எழுத்தில் எழுதினார்கள்: ‘தூ யாங் தூ சென் போ, ஷாங் தாய் நா யீ ஃபு’. முதல் பாதியின் எழுத்துகளைத் தனித்தனியே படித்தால் படம், மாதிரி, காடு, உடைசல் என்று தொடர்பில்லாமல் வரும். இரண்டாம் பாதியோ முழு வாக்கியமாகவே நிற்கும்: ‘மேடையேறித் துணியை எடு’. அறியாப்பிள்ளைத்தனமாகப் பேசுகிற யாரையும் இன்று ‘தூ யாங்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். மூலம் ஆங்கிலம் என்பதே பாதிப் பேருக்கு நினைவிருக்காது.

இங்கே ஒரு பழைய சொல்லையும் சொல்லாமல் போக மனமில்லை. நம் ‘கூலி’ ஆங்கிலத்தில் ‘கூலி’யாகி, சீனத்தில் ‘கூ லி’ ஆனது. ஆங்கிலச் சொல்லுக்கு வேறு மூலம் சொல்கிறவர்களும் உண்டு என்றாலும் தமிழ் வேரைச் சொல்பவர்கள் பலர். சீனர்கள் அதற்குத் தேர்ந்தெடுத்த இரண்டு எழுத்துகள்: கசப்பு, வலிமை. கப்பலேறிப் போன தொழிலாளியின் வாழ்க்கையை இரண்டு எழுத்தில் எழுதிவிட்டார்கள். அதே சிலேடை வழிதான், ஆனால் இதைப் படிக்கும்போது யாருக்கும் சிரிப்பு வராது.

இன்னொரு வகை, ஆங்கிலச் சொல்லை அப்படியே விழுங்கிச் சீன இலக்கணத்தில் செரிப்பது. 2024 கோடையில் சீனாவைச் சுற்றிவந்த ஓர் அமெரிக்க இளைஞர் தன் சகோதரியிடம் ‘சிட்டி பு சிட்டி?’ என்று கேட்கும் காணொளிகள் பரவின. சீனத்தில் கேள்வி கேட்க ஒரு வழி, சொல்லையும் அதன் எதிர்மறையையும் அடுத்தடுத்து வைப்பது. ‘ஹாவ் பு ஹாவ்?’, நல்லதா நல்லதில்லையா. நாம் ‘வர்றியா வரலியா’ என்று கேட்பது மாதிரி. அந்த அச்சில் ‘சிட்டி’யை வைத்ததும் பெயர்ச்சொல் உரிச்சொல்லாகிவிட்டது. ‘நகரத்துக் களை இருக்கா?’ பெருஞ்சுவரிலும் கேட்டார், தெருவிலும் கேட்டார். ஜூலையில் வெளியுறவு அமைச்சகப் பேச்சாளர் மாவ் நிங்கிடம்கூட இதுபற்றிக் கேள்வி வந்தது. சொற்களை ஆராயும் ஷாங்காய் இதழ் ஒன்றின் ஆண்டுப் பட்டியலிலும் இடம்பிடித்தது.

ஹாங்காங்கில் இந்தச் செரிமானம் இன்னும் பழையது, இன்னும் துணிச்சலானது. ஹாங்காங்கிலும் குவாங்ஜோவிலும் பேசும் கான்டனியத்தில் எதிர்மறை ‘ம்’. ஈரசைச் சொல்லென்றால் முதல் அசையை மட்டும் வெட்டி முன்னால் வைப்பார்கள். அதனால் ‘சந்தோஷமா?’ என்று கேட்க ‘ஹேப் ம் ஹேப்பி?’. ‘புரியுதா?’ என்பதற்கு ‘அன் ம் அண்டர்ஸ்டாண்ட்?’. ஆங்கிலேயன் வெட்டவே நினைக்காத இடத்தில் கத்தி வைத்திருக்கிறார்கள். கான்டனியக் காதுக்கு அதுதான் சரியான மூட்டு. குவாங்ஜோ டீக்கடையில் ஹாங்காங்கிலிருந்து வந்த ஒருவர் என்னைப் பார்த்து ‘ஓ ம் ஓகே?’ என்று கேட்டார். ஏதோ திக்குகிறார் என்று காத்திருந்தேன். அவர் முழுக் கேள்வியையும் கேட்டு முடித்துவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

ஷாங்காய், ஷென்ஜென் ஆபீஸ்களில் ‘இந்த கேஸை நீ ஃபாலோ யீ ஷ்யா’ என்பார்கள். ‘யீ ஷ்யா’ என்றால் ‘கொஞ்சம், ஒரு தடவை’. எந்த ஆங்கில வினையின் பின்னாலும் அதை ஒட்டினால் சீன வினையாகிவிடும். நம் ‘பண்ணு’ செய்யும் வேலை. ‘எமோ’ என்ற சொல்லுக்குப் பின்னால் நிலைமாற்றம் காட்டும் ‘ல’வைச் சேர்த்து ‘எமோ ல’ என்றால் ‘மனசு டல் ஆயிடுச்சு’. போட்டோஷாப்பின் முதலெழுத்து ‘பி’ தனி வினையாகி, படத்திலிருந்து ஓர் ஆளையே ‘பி’ பண்ணி எடுத்துவிடலாம்.

இதற்கெல்லாம் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 2012-ல் ‘நவீன சீன அகராதி’யின் ஆறாம் பதிப்பு, லத்தீன் எழுத்தில் தொடங்கும் 239 சொற்களைச் சேர்த்தபோது நூறுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் கையெழுத்திட்டுப் புகார் கொடுத்தார்கள். அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. மேலதிகாரி முன் பெருமைக்காக வரிக்கு நான்கு ஆங்கிலச் சொல் தூவும் ஆபீஸ் பேச்சில் எனக்கும் பிரியமில்லை. ஆனால் ‘ஹேப் ம் ஹேப்பி’யையும் ‘தூ யாங் தூ சென் போ’வையும் அதோடு சேர்த்து ஒதுக்குவது அநியாயம். அங்கே ஆங்கிலம் சீனத்தை அரிக்கவில்லை. சீனம்தான் ஆங்கிலத்தைப் பிசைந்து தன் வடிவத்துக்குக் கொண்டுவருகிறது.

இனி உங்கள் குரூப்புக்கு. ‘ஆட் ஆயில்’ யாருக்கும், எப்போதும் எழுதலாம், மேலாளருக்கும் சேர்த்து. வந்தால் பதிலுக்கு ‘ஜியா யோ’ என்று போடுங்கள், மகிழ்ந்துபோவார்கள். ‘நோ ட்ஸுவோ நோ டை’ நெருக்கமானவர்களுக்குள் மட்டும், அதுவும் சேதம் சின்னதாக இருந்தால் மட்டும். உண்மையில் அடிபட்டவரிடம் சொன்னால் குத்திக்காட்டுவதாகிவிடும். சர்வர் விழுந்த அன்று உங்கள் நண்பர் எழுதினார் என்றால், அந்த இருவரும் நல்ல சிநேகிதர்கள் என்று நினைக்கிறேன். ‘பிலிட்டி’யில் முடியும் மூன்றையும் நீங்கள் எழுதவே வேண்டாம். அந்த ‘பி’ பெண்ணுறுப்பைக் குறிக்கும் கெட்டவார்த்தை, ஆங்கில வேஷம் போட்டாலும் உள்ளே இருப்பது அதுதான். கடைசியாக ஒன்று: ‘நோ ட்ஸுவோ நோ டை’ பத்தாண்டுப் பழசு. குழுவில் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் யாராவது இருந்தால் அவர்களிடம் இப்போது என்ன ஓடுகிறது என்று கேளுங்கள். நான் சொன்னதைவிடப் புதுசாக நாலு சொல்லாவது கிடைக்கும்.